உப்புப் படாமல் வந்த படகு

“…படேல்லை எண்டுதானே நீர் சொல்லுறீர். ஒரு உப்புக்கல்லும் படேல்லை. சரி. அப்ப உது என்ன வாசம், தம்பி?” என்றார் பரம் அண்ணை.

கேட்டவரின் வலது கண்ணை வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி ஒன்று மறைத்திருந்தது. இடது கண் வெயிலுக்குப் பாதி மூடியிருந்தது. மூக்கு மட்டும் முழுநேர வேலையில் இருந்தது. (கண்ணில் சத்திரசிகிச்சை செய்தால் மூக்குக்குக் கூர்மை கூடும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.) யூனியன்வில்லில் அவர் வீட்டு வாசலில், அவருக்கும் அவருடைய படகுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு கைகளையும் விரித்து, ஏதோ என் உடம்பு பதினாறடி நீளமானது போல, படகை மறைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன், ஒரு வியாதியைப் பற்றிச் சொல்லவேண்டும். யாராவது “உதை ஆர் செய்யிறது?” என்று கேட்டு முடிக்குமுன் என் வாய் “நான்” என்று சொல்லிவிடும். மூளை பிறகுதான் பஸ் பிடித்து வந்து சேரும். அதற்குள் காரியம் கை மாறியிருக்கும்.

பரம் அண்ணை என் மனைவி வசந்தியின் அக்காவைக் கட்டியவர். முறைக்குச் சகலன், வயதுக்கு அண்ணை. ஒரு தொழிற்சாலையில், செய்து முடித்த சாமான்களில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். யோசித்துப் பாருங்கள். பிழை பிடிப்பதற்கே சம்பளம் வாங்கிய மனிதர். அவர் வீட்டில் தேநீர்க் கோப்பையை வைத்தால்கூட, அது முன்பு இருந்த வட்டத்தின் மேலேயே வைக்கவேண்டும் என்று எனக்கு ஒரு பதற்றம் வரும்.

ஓய்வு பெற்றதும் அவர் வாங்கிய ஒரே ஆடம்பரம் அந்த மீன்பிடிப் படகு. வெள்ளை நிறம், நீலக் கோடு, பின்னால் ஒரு மோட்டார், கீழே அதைச் சுமக்கும் ட்ரெயிலர். வாங்கிய கோடையில் கண் மங்கத் தொடங்கிவிட்டது. தூண்டில் மிதவை தெரியவில்லை என்று இரண்டே தரம்தான் தண்ணீரில் இறக்கினார். “கண் தெளிஞ்ச கையோடை விடிய நாலு மணிக்குத் தண்ணியிலை நிப்பன்” என்பார். ஆஸ்பத்திரிக்கு நாள் குறித்த பிறகு, வேறு எதைப் பற்றியும் அவர் பேசி நான் கேட்கவில்லை.

படகு சிம்கோ ஏரிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரரின் கொட்டகையில் குளிர்காலத்துக்காக நிறுத்தப்பட்டிருந்தது. சத்திரசிகிச்சை முடிந்த கிழமை அவரிடமிருந்து அழைப்பு வந்தது. கொட்டகையை விற்றுவிட்டாராம். மாதம் முடியுமுன் எல்லோரும் தங்கள் சாமானை எடுத்துவிடவேண்டுமாம். அது பெப்ரவரி மாதம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரம் அண்ணை சொன்னார்: “எனக்குக் கார் ஓடக்கூடாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். ரோட்டெல்லாம் உப்பு. ட்ரெயிலர் உப்பிலை நனைஞ்சுதெண்டா முடிஞ்சுது. உதை ஆர் இப்ப…”

“நான்” என்றேன்.

வசந்தி என்னைப் பார்த்தாள். அவள் ஸ்காபரோவில் பாடசாலை பஸ் ஓட்டுபவள். நான் ஒரு பிக்கப் வண்டி வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. அதில் அதுவரை ஏற்றிய மிகப் பெரிய பாரம் ஒரு குளிர்சாதனப் பெட்டி.

“நீர் ட்ரெயிலர் இழுத்திருக்கிறீரோ?” என்று கேட்டார் பரம் அண்ணை.

“அதென்ன அண்ணை, பெரிய விசயமே? ஒரு உப்புக்கல்லுப் படாமல் கொண்டுவந்து தாறன்.”

(கடைசி வசனத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தது.)

பயம் அன்று இரவே தொடங்கிவிட்டது. கைபேசியில் காணொளிகள் பார்த்தேன். பனி கொட்டுமுன் தெருவில் உப்புத்தண்ணீர் தெளிக்கிறார்கள், கொட்டிய பின் உப்புக்கல் போடுகிறார்கள், அது சக்கரத்துக்குள் போய் பெயாரிங்கைத் தின்கிறது, லைட் வயருக்குள் போய்ப் பச்சையாகப் பூக்கிறது, ஆணிகளைக் கரைக்கிறது என்று ஒருவர் இறந்த வீட்டில் பேசுவது போன்ற குரலில் விளக்கினார். துருப்பிடித்து இரண்டாக ஒடிந்த ஒரு ட்ரெயிலரையும் காட்டினார்.

மறுநாள் வோபர்னில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் என் துயரத்தைச் சொன்னேன். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் மெழுகு பூசு என்றார். ஒருவர் பிளாஸ்டிக்கால் சுற்று என்றார். மூலையில் றோல்ஸ் தின்றுகொண்டிருந்தவர், “கடலிலை ஓடுற சாமானுக்கு உப்பாலை என்ன வரப்போகுது?” என்று கேட்டார்.

“போட்டுக்கு ஒண்டுமில்லை அண்ணை. அதைத் தூக்கிக்கொண்டு வாற இரும்புக்குத்தான் வியாதி” என்றார் கடைக்காரர். “காருக்கு அடியிலை எண்ணெய் அடிக்கிற இடத்திலை குடுத்து அடிச்சுப்போட்டு எடும். எண்ணெய் இருந்தா உப்புக் கிட்ட வராது.”

எண்ணெய்! மற்றது ஒன்றும் என் காதில் விழவில்லை. எண்ணெய் அடிக்கும் இடத்துக்கு ட்ரெயிலரைக் கொண்டுபோவதற்கே உப்புத் தெருவில் இழுக்கவேண்டுமே. எண்ணெய்தான் ட்ரெயிலரிடம் போகவேண்டும். என் கராஜில் இரண்டு பெரிய தகரம் நிறைய எண்ணெய் இருந்தது. எங்கள் ஊர்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு நான்தான் சமையல் பொறுப்பு. (அதுவும் “ஆர் செய்யிறது?” என்று கேட்டதால் வந்தது.) வடை சுட்டு மிஞ்சிய எண்ணெய். குழாயில் ஊற்றக்கூடாது, குப்பையில் போடக்கூடாது என்று வைத்திருந்தேன்.

எண்ணெய் என்றால் எண்ணெய்தானே?

சனிக்கிழமை காலை நானும் வசந்தியும் வடக்கே புறப்பட்டோம். பின்னால் இரண்டு தகரம், ஒரு பெயின்ட் தூரிகை, படகை மூட ஒரு நீலத் தறப்பாள். வசந்தி தன் பங்குக்குப் புதிதாக இரண்டு இறுக்கும் பட்டியும் ஒரு சங்கிலியும் வாங்கி வைத்திருந்தாள். “போட்டிலை பட்டி கிடக்குத்தானே, உதென்னத்துக்கு?” என்று நான் சிரித்தேன்.

கொட்டகைக்காரர் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட கிழவர். குளிரில் எண்ணெய் களியாகிவிட்டிருந்தது. அவருடைய சூடாக்கியின் முன் தகரங்களை வைத்து உருக்கினேன். கொட்டகை முழுதும் வெங்காயமும் பெருஞ்சீரகமும் பரவின. அவர் இரண்டு தரம் மூச்சை இழுத்துவிட்டு, சாப்பாடு ஏதும் கொண்டு வந்திருக்கிறீர்களா என்று ஆவலோடு கேட்டார். இல்லை, துருப்பிடிக்காமல் இருக்க என்று நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு வசந்தியைப் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார்.

நான் பூசினேன். சட்டத்துக்குப் பூசினேன், சக்கரத்துக் குடத்துக்குப் பூசினேன், சக்கரத்தைத் தாங்கும் வில்லுக்கும் ஆணிகளுக்கும் பூசினேன். படகு உட்கார்ந்திருக்கும் இரண்டு நீளப் பலகைகளுக்கும் தூரிகையை நுழைத்து, அவற்றின் மேல் ஒட்டியிருந்த கம்பளி ஊறும்வரை பூசினேன். கடைசியில், படகின் மூக்கைப் பிடித்து இழுத்து வைத்திருக்கும் பட்டிக்கும் வந்தேன்.

“இஞ்சேருங்கோ, பட்டிக்கும் பூசுறியளே?”

“உப்பு எங்கை போய் ஒளிக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?”

“வழுக்காதே?”

“உமக்கு உது விளங்காது, வசந்தி. நான் காணொளி பாத்தனான்.”

“நான் எண்டாலும் ஓட்டட்டே?”

“நீர் பேசாமல் இருந்து பாரும்.”

தினமும் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளைப் பனியில் ஏற்றி இறக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னவன் நான். இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

ட்ரெயிலரைப் பிக்கப்பின் பின்னால் கொழுவிக்கொண்டு புறப்பட்ட முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. நன்றாக என்றால், என் முதுகு ஆசனத்தில் படவில்லை. கைகள் ஸ்டியரிங்கோடு ஒட்டிவிட்டன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் “முருகா” என்றேன். கோப்பி வாங்க ஓரிடத்தில் நிறுத்தினோம். திரும்பி வந்தபோது தறப்பாளின் மேல் கடற்பறவைகள் வரிசையாக இருந்தன. யாரோ ஒருவருடைய நாய் எங்கள் சக்கரத்தை நக்கிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரி இழுக்கிறாள், நாய் வருவதாக இல்லை.

“உப்பு வராது எண்டியள். மற்ற எல்லாம் வருகுது” என்றாள் வசந்தி.

404 நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடித்தபோதுதான் அது தொடங்கியது. முதலில் சின்ன இழுப்பு. யாரோ என் பிக்கப்பின் வாலைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் ஆட்டுவது போல. காற்று என்று நினைத்தேன். இடது கண்ணாடியில் படகு தெரிந்தது. அடுத்த நொடி வலது கண்ணாடியில் தெரிந்தது. நான் ஒரு படகைத்தான் கொழுவினேன் என்று நன்றாக ஞாபகம் இருந்தது.

பின்னால் வந்த கார்க்காரர் விளக்கை மின்னி மின்னிக் காட்டினார். வசந்தி திரும்பிப் பார்த்தாள்.

“போட் பின்னுக்குப் போட்டுது” என்றாள். அவள் குரல் உயரவில்லை. அதுதான் என்னை இன்னும் கலக்கியது. “மூக்கு இருக்கிற இடத்திலை இல்லை. ஒரு முழம் பின்னுக்கு நிக்குது.”

எண்ணெய் ஊறிய பலகையில், எண்ணெய் ஊறிய பட்டியிலிருந்து நழுவி, படகு பின்னோக்கிப் புறப்பட்டிருந்தது. பாரம் பின்னால் போகப் போக முன்பக்கம் இலேசாகி, ட்ரெயிலர் பாம்பு போல நெளிந்தது. பக்கத்து வழியில் ஒரு வான் வந்துகொண்டிருந்தது. அதன் பின்யன்னலில் ஒரு சின்னப் பெண் பிள்ளை. ஏதோ கடித்துக்கொண்டு, எங்கள் படகுக்குக் கை காட்டினாள். ஆடுகிற படகு அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். படகின் பின்புறம் அவள் பக்கம் போய் வந்தது. திரும்பவும் போய் வந்தது.

பரம் அண்ணையையும் உப்பையும் நான் அந்த இடத்தில் மறந்தேன். என் வாழ்க்கையில் நான் பயந்த பயங்களை எல்லாம் கூட்டினாலும் அந்தப் பிள்ளையின் கைக்கு முன்னால் நிற்காது. என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

“பிரேக்கிலை வையாதேங்கோ! வைச்சா மடங்கிப் போடும். காலை எடுங்கோ. எடுத்தாச்சே? நேரா பிடியுங்கோ. அவ்வளவுதான். இனி ஒண்டும் செய்யாதேங்கோ.”

ஒன்றும் செய்யாமல் இருப்பது. என் வாழ்நாளில் எனக்குத் தரப்பட்ட வேலைகளில் இதைவிடக் கடினமான வேலை இல்லை. நான் செய்தேன். அதாவது, செய்யவில்லை. வேகம் குறைந்தது. வான் முன்னால் போய்விட்டது. ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கி, ஒரு பெருமூச்சு அளவுக்கு வந்தது. வசந்தி சொல்லச் சொல்ல அடுத்த வெளிவழியால் இறங்கி, வயல்களுக்கு நடுவே ஒரு ஒதுக்குத் தெருவின் ஓரத்தில் நிறுத்தினேன்.

இறங்கிப் போய்ப் பார்த்தோம். படகு பாதி விடுதலை அடைந்திருந்தது. வசந்தி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. (சொல்லியிருக்கலாம். ஏச்சு வாங்கினால் சாப்பாடு செமிக்கும். வாங்காவிட்டால்தான் வயிற்றில் கிடக்கும்.) எண்ணெய்ப் பட்டியைக் கழற்றித் தூர வைத்தாள். தன் புதுப் பட்டியைக் கொழுவினாள். பட்டியைச் சுருட்டி இழுக்கும் கைப்பிடியை நான் சுற்ற, படகு வெண்ணெய் மேல் வருவது போல முன்னால் வந்து உட்கார்ந்தது. எண்ணெயால் விளைந்த ஒரே நன்மை அதுதான். பிறகு அவள் சங்கிலியால் மூக்கைப் பூட்டி, மற்றப் பட்டியைக் குறுக்கே போட்டு இறுக்கினாள்.

அப்போதுதான் மஞ்சள் விளக்குச் சுழல ஒரு லொறி வந்தது.

உப்பு லொறி. அந்த ஓட்டுநர் நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குளிரில் தெருவோரம் இரண்டு பேர் ஒரு படகோடு நிற்கிறார்கள், சறுக்கிவிடப் போகிறார்கள் என்று இரங்கியிருக்கவேண்டும். எங்களைக் கண்டு வேகத்தைக் குறைத்தார். எங்களுக்கென்று கொஞ்சம் தாராளமாகவே போட்டார். கையையும் அசைத்துவிட்டுப் போனார்.

சரசரவென்று உப்பு வந்து விழுந்தது. என் தொப்பியில், வாய்க்குள், வசந்தியின் தலையில். அவள் மேலும் என் மேலும் விழுந்தது உதறக் கொட்டியது. ட்ரெயிலரின் மேல் விழுந்தது கொட்டவில்லை. ஒவ்வொரு கல்லும் எண்ணெயில் பக்குவமாக ஒட்டிக்கொண்டது. சட்டம், சக்கரம், வில்லு, ஆணி, ஒன்றும் மிச்சமில்லை. எண்ணெய் பூசாமல் விட்டிருந்தால் பாதியாவது உருண்டு தெருவில் விழுந்திருக்கும். நான் உப்புக்கு மெத்தை விரித்து வைத்திருந்தேன்.

வசந்தி ட்ரெயிலரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். ஏறினாள். நான் போய் மற்றப் பக்கம் ஏறிக்கொண்டேன்.

சிறு தெருக்களாலேயே வந்தோம். அவள் ஓட்டும்போது பின்னால் ஒரு படகு வருவதே தெரியவில்லை. வழியில் கார் கழுவும் இரண்டு இடத்தில் கேட்டோம். ஒன்றில் ட்ரெயிலர் உள்ளே வரக்கூடாது என்று எழுதியிருந்தது. மற்றதில் குளிருக்குக் கதவு உறைந்துவிட்டது என்றார்கள். எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. என் யோசனைகள் அன்று ஓய்வெடுக்கும் எண்ணத்தில் இல்லை.

“பரம் அண்ணைக்குத்தான் இப்ப கண் வடிவாத் தெரியாதே” என்றேன். “மேலாலை தெரியிற உப்பைத் துடைச்சுப்போட்டு விடுவம். நான் இரவுக்கு வந்து மிச்சத்தை…”

“மனுசன் உங்களை நம்பித் தந்தவர்.”

“அதுக்குத்தானே மறைக்கிறன்.”

பரம் அண்ணை வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் வசந்தி நிறுத்தினாள். நான் இறங்கிப் பனி தட்டும் தூரிகையால் மேற்புறத்தை வழித்தேன். என் பழைய மப்ளரால் துடைத்தேன். தூரத்தில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். போதும் போலத்தான் இருந்தது.

பரம் அண்ணை வாசலிலேயே நின்றார். குளிர் அங்கி, காதுவரை தொப்பி, கண்ணில் மூடி. காலையிலிருந்தே உள்ளே போகவில்லையாம். வசந்தியின் அக்கா பிறகு சொன்னார். படகு திரும்பும் சத்தம் கேட்டதும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்திருக்கக்கூடாது. பார்த்த பிறகும் நான் சொன்னேன்:

“அண்ணை, சொன்ன மாதிரி. ஒரு உப்புக்கல்லும் படேல்லை.”

அதற்குத்தான் அவர் உது என்ன வாசம் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“அது அண்ணை… பாதுகாப்புக்கு… ஒரு விதமான…” என்று நான் தொடங்கினேன். வசந்தி பிக்கப்பிலிருந்து இறங்கிக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அக்கா யன்னல் திரையை விலக்கினார். என் வாய், எதற்கும் “நான்” என்று முந்திக்கொள்ளும் அந்த வாய், அன்று முதன்முறையாக மூளைக்காகக் காத்து நின்றது. மூளை வரவில்லை.

“நான்தான் அண்ணை” என்றேன் கடைசியில். “வடை எண்ணெய் பூசினனான். உப்பு எல்லாம் ஒட்டிப்போட்டுது. போட்டும் விழப் பாத்தது. வசந்திதான் கொண்டுவந்தது.”

இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது “நான் செய்யிறன்” என்று சொன்னால், அடுத்தவர் உடனே “எண்ணெய் கொண்டு வரட்டே?” என்பார். பிறந்தநாள் வீட்டில் பலூன் கட்ட ஏணியில் ஏறினாலும் அதுதான். கல்யாண வீட்டில் நான் மைக்கைத் தொட்டாலும் அதுதான். கோடையில் படகை இழுப்பது வசந்தி. தூண்டில் போடுவது பரம் அண்ணை. என் பொறுப்பு, கரையில் நின்று கை காட்டுவது. ஆனால் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிப்பது, அன்று வாசலில் என் வாக்குமூலத்தைக் கேட்ட பிறகு பரம் அண்ணை செய்ததைத்தான்.

அவர் என்னை ஏசவில்லை. மெதுவாக என்னைக் கடந்து போனார். கையுறையைக் கழற்றினார். சுட்டுவிரலைச் சட்டத்தின் அடிப்புறத்தில் வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே இழுப்பாக வழித்தார். விரலைத் தெரிகிற கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு நாக்கு நுனியில் வைத்தார்.

“கூடிப்போச்சு” என்றார்.

வீட்டுக்குள் போனார். உள்ளே தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு வாளி சுடுதண்ணீரும் சவர்க்காரமும் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். மறுபடி போய், ஒரு மடக்குக் கதிரையும் கம்பளியும் கொண்டுவந்தார். ட்ரெயிலரின் பக்கத்தில் கதிரையை விரித்து, உட்கார்ந்து, கம்பளியால் கழுத்துவரை போர்த்துக்கொண்டார்.

“எனக்குக் கண் தெரியாது, தம்பி. நீர் வாசம் போகுமட்டும் கழுவும்” என்று சொல்லிவிட்டு, மற்றக் கண்ணையும் மூடி, மூக்கை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.